ஐப்பசிக்குள் எர்த் போட்டுவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கிடைத்ததைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆடியிலிருந்து நீ போன் செய்யவில்லை, அது இருக்கட்டும். உன் மாடிப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆன்டெனாக் கம்பத்தைத் தண்ணீர்க் குழாயோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாய். அது பிவிசி. காற்றையும் தாங்காது, எர்த்துக்கும் உதவாது. பக்கத்திலேயே மின்கம்பி போகிறது. கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்து 20 அடி என்றால் கம்பியிலிருந்து 30 அடி தள்ளி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது. இடம் போதவில்லையா, கம்பத்தைக் குறை. தனியாகத் தூக்கி நிறுத்தாதே.

கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வாங்கு. கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் மாட்டாதே. கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் அடித்து, இரண்டடி இடைவெளியில் இரண்டு கிளாம்ப். மூன்று பக்கமும் இழுத்துக் கட்ட ஸ்டே கம்பி.

கம்பத்துக்கு நேர் கீழே, தரையில் எட்டடி செம்பு பூசிய எர்த் ராடை முழுக்க இறக்கு. மாடியிலிருந்து அதுவரை 16 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி, வெளிச்சுவரை ஒட்டி நேராக வரட்டும். மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்காதே. மின்னல் கண நேரத்தில் பாய்வது. சுருளும் கூர்மையான மடிப்பும் அதை மறிக்கும், பக்கத்து வயரிங் மேல் தாவிவிடும். செம்பை ஜிஐ மேல் நேரே வைத்து முறுக்காதே, மழை ஈரத்தில் ஜிஐ அரித்து இணைப்பு தளரும். கம்பி முனையில் வெள்ளீயம் பூசிய லக் மாட்டி, ஸ்டெயின்லெஸ் போல்ட் போடு.

ராடு அடித்ததோடு வேலை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே. வீட்டு எர்த் குழியோடு அதே கம்பியால் சேர்த்தே ஆக வேண்டும். வீட்டுக்காரரிடம் நேராகக் கேள். சேர்க்காவிட்டால் மின்னல் இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அதற்குப் பாதை உன் ரேடியோ செட்டு. செட்டில் உன் கை இருக்கும்.

ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் உள்ளே நுழையுமுன், மின்னலை எர்த்துக்குத் திருப்பும் அரெஸ்டரை வெளியிலேயே போட்டு அதன் உடலையும் இதே எர்த்தில் கட்டு. கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்று, தண்ணீர் வெளியே சொட்டிவிடும். இத்தனை செய்தாலும் நேரே விழும் இடியை நம்ப முடியாது. மேகம் கூடும் முன்பே கேபிளைக் கழற்று. இடி கேட்ட பிறகு தொடாதே.

ஒன்று சொல்ல வேண்டும். நம் மாடி டிவி ஏரியலுக்கு நான் எர்த்தே போடவில்லை. ஊரார் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் வேலை முடியாது என்று திரும்பி வந்தவன், சொந்த வீட்டில் நாளைக்கு, நாளைக்கு என்றே விட்டேன். படம் புள்ளி புள்ளியாக விழும்போதெல்லாம் அந்தக் குழாயைப் பிடித்துத் திருப்பியது நீதான். நான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம்" என்றேன். தப்பு என்னுடையது, பாப்பா.

30 அடி, மறந்துவிடாதே. ராடை அங்கேயே வாங்கிக்கொள். கம்பியும் லக்கும் பஸ் பார்சலில் அனுப்புகிறேன். எர்த் குழி வீட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி என்று சொன்னால்தான் கம்பியை வெட்ட முடியும். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அப்பா