உறையைக் கழற்றி வைத்து விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடிய இசை வகுப்புகள் பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகுப்பு நேரம், கட்டணம், கிரேடு தேர்வு எல்லாம் விவரமாகவே இருந்தது. ஆனால் பியானோ வகுப்பில் சேரும் பிள்ளை வீட்டில் எதை வைத்துப் பழகுவது என்பதை மட்டும் 'ஒரு கீபோர்டு இருந்தால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போதாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு லீவர் தன் எடையால் திரும்பி வருகிறதா, ஸ்பிரிங் தள்ளித் திரும்பி வருகிறதா என்பது விரலை வைத்தாலே தெரிந்துவிடும். மகள் வயிற்றுப் பேத்திக்காக டிஜிட்டல் பியானோ தேடி காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், ஈரோடு என்று அலைந்தபோது அந்தப் பழைய தொழில்தான் கை கொடுத்தது.

பியானோ என்பது அடிப்படையில் 88 லீவர்கள். கட்டையின், அதாவது விரலால் அழுத்தும் 'கீ'யின், முன்முனையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடித்துவிட்டுத் தன் எடையிலேயே திரும்ப விழும். 1700-ஐ ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி செய்த ஏற்பாடு இது. கீழ்ச் சுரங்களுக்குக் கனமான சுத்தியல், மேலே போகப் போக இலேசானது. நல்ல டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது, ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் சுத்தியலுக்குப் பதில் ஓர் எடை இருக்கும். கட்டை கீழே போகும் வழியில் இரண்டு சென்சார். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, எவ்வளவு பலமாக அடித்தோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். மூன்றாவது சென்சாரும் இருந்தால், கட்டை முழுக்க மேலே வருவதற்குள் மறுபடி அடித்தாலும் பிடித்துக்கொள்ளும்.

61 கட்டை கீபோர்டில் பெரும்பாலும் இந்தச் சுத்தியல் சமாச்சாரமே இல்லை. ஸ்பிரிங் மட்டும்தான். அட்டைப்பெட்டியில் 'டச் ரெஸ்பான்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பிவிடக் கூடாது, சென்சார் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 'ஹேமர் ஆக்‌ஷன்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்பிரிங்கில் பழகிய விரல் வகுப்பில் நிஜப் பியானோ முன்னால் உட்கார்ந்தால் திணறிப் போகும்.

ஒரு கடையில், "ஏனுங்கய்யா, இதுல 600 டோன் இருக்குதுங்க, தபேலாகூட வருதுங்க" என்றார் விற்பனையாளர். பேத்தி இரண்டு கட்டையை அழுத்திவிட்டு, "அப்புச்சி, இது எங்க மிஸ் வீட்டுது மாதிரியே இல்ல" என்றாள். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டோம். இன்னொரு கடையில் 88 கட்டைப் பியானோ இருந்தது, ஆனால் உறை பிரிக்காமல் மூலையில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "பிரிச்சா நீங்க வாங்கிக்கோணுங்க" என்று பதில். பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பெட்டிமேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

தொட விடுகிற கடையில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். பத்து ரூபாய் நாணயங்கள் கொஞ்சம் எடுத்துப் போனேன். (எங்கள் ஏரியா கடைகளில் அதை வாங்கவே யோசிக்கிறார்கள், இதற்காவது பயன்பட்டது.) ஒன்று சுமார் 7.7 கிராம், ஏழு சேர்ந்தால் 54 கிராம். நிஜப் பியானோவில் நடுக் கட்டையை மெதுவாகக் கீழே இறக்க ஏறக்குறைய 50 கிராம் போதும். டிஜிட்டலில் இன்னும் ஒன்றிரண்டு நாணயம் கூடுதலாகக் கேட்கலாம். கட்டையின் முன் ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனால், எடை வைத்த கட்டை ஓர் இடத்தில் அசைய ஆரம்பித்து ஏறக்குறைய அடிவரை போய்விடும். ஸ்பிரிங் கட்டை கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், இன்னும் நாணயம் வைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அமுக்க அமுக்க ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும் அல்லவா? அப்புறம் அதையே இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் செய்து பாருங்கள். இடது பக்கம் கூடுதல் நாணயம் கேட்டால், நிஜப் பியானோ மாதிரியே கீழ்ச் சுரத்துக்குக் கனமாகவும் மேலே போகப் போக இலேசாகவும் எடை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது, கட்டையின் உள்கோடியில், உடம்போடு ஒட்டிய இடத்தில் அழுத்திப் பார்ப்பது. எடுத்துப் போக வசதியாக இருக்க வேண்டும் என்று பெட்டியை ஒல்லியாகச் செய்யும்போது கட்டையின் ஊன்றுபுள்ளி கிட்டே வந்துவிடுகிறது, உள்ளே அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். கருப்புக் கட்டைகளுக்கு நடுவே விரல் போக வேண்டிய பாட்டுகளில் சின்னப் பிள்ளைக்கு இதுதான் முதல் சிரமம். பிறகு பவரை அணைத்துவிட்டு வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடகடவென்று மர அலமாரியைத் தட்டுகிற சத்தம் வந்தால், இரவில் ஹெட்போன் மாட்டி வாசித்தாலும் கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

ஒலி இரண்டாவதுதான். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஒலி பிடிக்கவில்லை என்றால் நல்ல ஹெட்போன் வாங்கலாம், வெளி ஸ்பீக்கர் வைக்கலாம், யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி வேறு பியானோ ஒலியையே வரவழைக்கலாம். 1983-ல் வந்த மிடி (MIDI) என்ற பொது ஏற்பாட்டால் எந்தக் கம்பெனி கட்டையும் எந்த மென்பொருளோடும் பேசும். கட்டையை அப்படி மாற்ற முடியாது.

ஆனாலும் ஒலியைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கீழ்ச் சுரம் ஒன்றை அடித்து விரலை எடுக்காமல் வைத்திருங்கள். நிஜப் பியானோவில் ஒலி நிறம் மாறிக்கொண்டே நீண்ட நேரம் தேயும். மலிவானவற்றில் சட்டென்று அடங்கும், இல்லாவிட்டால் ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றுவது கேட்கும். இன்னொன்று: ஒரு கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தாயி கீழே அதே சுரத்தைப் பலமாக அடித்து உடனே விடுங்கள். மேல் கம்பி தானாக முனகுவது மாதிரி கேட்டால் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். கடைவீதி இரைச்சலில் இது எதுவும் கேட்காது, சொந்த ஹெட்போன் கொண்டு போங்கள். சிலவற்றில் 3.5 மி.மீ. துளை, சிலவற்றில் 6.35 மி.மீ., ஒரு அடாப்டர் பையில் இருக்கட்டும்.

நாங்கள் கடைசியில் எடுத்தது ரோலண்ட் எஃப்பி-10. மூன்று சென்சார், கட்டையின் மேல் சொரசொரப்பு, மெதுவாக அழுத்தினால் அடியை நெருங்கும்போது நிஜப் பியானோ போல ஒரு சின்னத் தடங்கல். குறையும் உண்டு: 6 வாட் ஸ்பீக்கர் இரண்டுதான், கீழ்ச் சுரம் மெலிந்து கேட்கிறது. பொத்தான்கள் குறைவு, எதை மாற்றுவதானாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அமுக்க வேண்டும். யமஹா பி-45-ம் கெட்டிக்காரப் பொருள்தான், எடை 11.5 கிலோ. காசியோ பிஎக்ஸ்-எஸ் வரிசை சின்ன பேட்டரிகளிலும் ஓடுகிறது, மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் ஊரில் அது பெரிய ஆசை காட்டும். உள்கோடிக் கட்டை கனமாக இருந்ததால் விட்டுவிட்டோம். பேத்தியின் விரல் நீளமாக இருந்திருந்தால் ஒருவேளை அதையே எடுத்திருப்போம்.

எடுத்துப் போகலாம் என்று விளம்பரத்தில் சொல்வதற்கும் அளவு உண்டு. எல்லாமே நாலு அடி நீளத்தைத் தாண்டும், பத்து முதல் பதினைந்து கிலோ இருக்கும். டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது, காரின் பின்சீட்டில் குறுக்கே போகும். கூடவே வரும், ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிக்கும் சதுரப் பெடல் டைல்ஸ் தரையில் நழுவி ஓடும், அடியில் ரப்பர் மேட் போடுங்கள்.

நிஜப் பியானோவே வாங்கிவிடலாமே என்று என் சம்பந்தி கேட்டார். 230 கம்பி, மொத்தம் பல டன் இழுவிசை, 200 கிலோவுக்கு மேல் எடை, மாடிப்படி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடியில் ஒரு ஈரப்பதம், பங்குனியில் வேறு ஈரப்பதம். மில்லில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்துக்கென்று தனி பிளான்ட் ஓட்டினோம், வீட்டில் யார் ஓட்டுவது? மரம் உப்பிச் சுருங்க சுருதி போகும், ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும்.

கோவை, ஈரோடு, திருப்பூர் கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 88 கட்டை ஹேமர் பியானோ ஒன்றையாவது உறை கழற்றி, ஆடாத ஸ்டாண்டில், தரையிலிருந்து கட்டை 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி, பவர் கொடுத்து வையுங்கள். முன்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். பிள்ளை பத்து நிமிடம் உட்கார்ந்து வாசிக்கட்டும், பெற்றவர்களிடம் அதுவரை டோன் எண்ணிக்கை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் பிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.