பெற்றோல் கசிந்தால் காபரேட்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மலையகத்தின் பாதையோரங்களில் சவுக்கும் யூகலிப்டஸும் சாய்ந்து விழுவது ஆண்டுதோறும் நாம் காண்பதுதான். அவற்றை அறுத்து வழிவிட வருகிறவர்களின் கைகளில் இருப்பவை பெரும்பாலும் பல வருடங்கள் உழைத்துத் தேய்ந்த செயின்சோ எனும் சங்கிலி வாள்களே. அவற்றில் பெற்றோல் கசியத் தொடங்கி, திருத்தக் கொண்டுபோனால், இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் 'காபரேட்டர் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள். காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் பாகம். ஆனால் இந்தப் பதில் பல வேளைகளில் பிழையானது. தோட்டத் தொழிற்சாலையொன்றின் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நானே இதை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்தபடியால், என்னுடைய செயின்சோவை நான் திறக்காமல் நகரத்துக் கடையொன்றில் ஒப்படைத்தேன். புதிய காபரேட்டர் பூட்டித் தந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் வாங்கின்மேல் முன்பு இருந்த அதே இடத்தில் அதே ஈரம். பிறகு நானே உட்கார்ந்து, மேல்மூடிகளைக் கழற்றி, பெற்றோல் தாங்கியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் எண்ணெய்ப்பிசுக்குப் போகத் துடைத்து உலரவைத்து, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவி, தாங்கியை நிரப்பிச் சரித்துவைத்தேன். கால் மணித்தியாலத்தில் பவுடரில் ஒரு கறுத்த கோடு இறங்கியது. அது தொடங்கிய இடம் காபரேட்டர் அல்ல. பெற்றோல் குழாய் தாங்கியின் சுவரைத் துளைத்து வெளியே வருகின்ற கழுத்து. அங்கே இறப்பர் காய்ந்து, நகத்தால் அழுத்தினாலே வெடிப்பு வாய்திறந்தது. அங்கிருந்து கசிந்த பெற்றோல் உடலின் அடிப்பக்கமாக ஓடி, காபரேட்டருக்கு நேர்கீழே வந்து சொட்டியிருக்கிறது. சொட்டும் இடத்தைப் பார்த்துக் குற்றஞ்சாட்டினால் இப்படித்தான் ஆகும்.

கசிவது பெற்றோல்தானா என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வது நல்லது. சங்கிலிக்கு இடும் ஒயில், நிறுத்திவைத்த இயந்திரத்திலிருந்து சற்றுக் கசிவது வழக்கம். வெள்ளைக் கடதாசியின்மேல் இரவு முழுவதும் வைத்துப் பார்த்தால், அந்த ஒயில் தடித்த கறையாகக் கிடக்கும். பெற்றோல் ஆவியாகிவிடும், ஆனால் அதில் கலந்த டூ ஸ்ட்ரோக் ஒயிலின் நிறமும் மெல்லிய வழுவழுப்பும் மிஞ்சும். பெற்றோல்தான் என்றால் மூடியின் இறப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகிக் கடினமாகியிருந்தால் அதை மாற்றுவதோடு வேலை முடியலாம். பக்கவாட்டில் சரிக்கும்போது மட்டும் ஒழுகினால், தாங்கிக்குள் காற்றை விட்டு எரிபொருளை வெளியே விடாமல் தடுக்கும் சிறிய வால்வைச் சந்தேகிக்கலாம். காற்று வடிகட்டி பெற்றோலில் நனைந்திருந்தால்தான் காபரேட்டருக்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு சரியாக அமரவில்லை என்று கருத இடமுண்டு. அப்போதும் ஊசியின் முனையில் தூசு சிக்கியிருக்கக்கூடும். கழுவி, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வான டயப்ரத்தையும் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்டையும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

குளிர்ந்த ஊர்க்காரரான நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால், சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் நிரப்பி இறுக மூடிய தாங்கியை இங்கே கொண்டுவந்து திறந்தால், உள்ளிருக்கும் அமுக்கம் 'உஸ்' என்று பெற்றோலைத் தெறிக்கவைக்கும். இது பழுதல்ல, மூடியை மெல்லத் தளர்த்தினால் போதும். ஆனால் அந்த அமுக்கம் தேய்ந்த ஊசியைத் தள்ளிக்கொண்டு காபரேட்டருக்குள் பெற்றோலை இறக்கவும் கூடும். கீழ்நாட்டில் கசியாத இயந்திரம் மலையேறியதும் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயை மாற்றுகிறவர்கள் மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை வெட்டிப் போடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது பெற்றோலில் ஊறிச் சில மாதங்களில் விறைத்துச் சுருங்கிவிடும். பெற்றோலுக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும். தாங்கி வெடிப்பில் சவர்க்காரம் தேய்க்கும் பழைய வித்தையும் அப்படித்தான். நடுவழியில் நின்ற மோட்டார் சைக்கிளை வீடுவரை கொண்டுசேர்க்க அது உதவலாம். கொதிக்கும் சைலன்ஸருக்குப் பக்கத்தில் தாங்கியை வைத்திருக்கும் செயின்சோவில் அதை நம்பி மரமேறுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இந்தச் சோதனைகளை லயத்துக் காம்பராவுக்குள், விறகடுப்பு எரியும்போது செய்வோரும் இருக்கிறார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு நிலமாக ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையிலும் தீப்பற்றத் தேவையான ஆவியை அது வெளிவிடுமாதலால், உறைபனி விழும் சனவரிக் காலையும் பாதுகாப்புத் தராது. வெளியில், இயந்திரம் ஆறிய பிறகுதான் செய்யவேண்டும். நிரப்பிய இடத்திலிருந்து 3 மீற்றராவது தள்ளிக் கொண்டுபோய்த்தான் இயக்கவேண்டும்.

உதிரிப்பாகக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குழாய், மூடி வளையம், காற்று வால்வு ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கக்கூடியதாக வைத்திருங்கள். திருத்துவோர், காபரேட்டரை மாற்றும்படி சொல்வதற்கு முன் கசியும் இடத்தை உரிமையாளரின் கண்முன் காட்டவேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். என்னுடைய பழைய காபரேட்டரைக் கேட்டுப் போனபோது, அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். அதில் எந்தப் பழுதும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
ஹட்டன்.