நடைபாதையே முகவரியானாலும் வாக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

சொத்தும் வரி ரசீதும் இருந்தால்தான் வாக்கு என்றிருந்த காலத்திலேயே, 1921-இல், பெண்களையும் வாக்காளராக ஏற்ற முதல் பிரிட்டிஷ் இந்திய மாகாணம் சென்னை. அரசமைப்புச் சட்டம் சொத்துத் தகுதியை நீக்கியது. 1989-இல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. ஆனாலும் பாரிமுனையிலும் சென்ட்ரல் பக்கத்திலும் நடைபாதையில் குடியிருப்போர் பலர், வீட்டு முகவரி இல்லாததால் தங்களுக்கு வாக்கில்லை என்றே நம்புகிறார்கள்.

அது தவறு. வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல் அவர்கள் உறங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், அதுவும் ஒரு நாளோடு நில்லாமல், நேரில் வந்து பார்க்க வேண்டும். அங்கே உறங்குவது உறுதியானால் இருப்பிடச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. சிக்கல் இங்கேதான். பகலில் போனால் ஆள் மூட்டை தூக்கவோ கோயம்பேட்டுக்கோ போயிருப்பார். 'ஆள் இல்லை' என்று குறித்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். இடத்தையும் 'மேம்பாலத்தின் கீழ்' என்று மொட்டையாக எழுதாமல், எதிரிலுள்ள கடை, தூண் எண், தெருப்பெயர் சேர்த்து எழுதுவது நல்லது.

இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்குமே தகுதி நாள்கள், அதாவது 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் நாள்கள். ஆகவே தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் இரவுக் காப்பகங்களில் காலாண்டுக்கொரு முறை, இரவு எட்டு மணிக்குப் பிறகு, பதிவு முகாம் நடத்த மாவட்டத் தேர்தல் அலுவலர் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், சென்னை