கவட்டையில் அடிபட்டால் கதீட்டருக்கு அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

விபத்துச் செய்திகளில் தலைக்காயம் வரும், கால் முறிவு வரும். கவட்டையில் பட்ட அடி வருவதில்லை. அடிபட்டவரும் கூச்சத்தில் வாய் திறப்பதில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுருங்கிப்போகும் ‘ஸ்ட்ரிக்சர்’ பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சைக்கிள் பாரிலோ சுவர் விளிம்பிலோ கால் இரு பக்கமும் போக விழுந்தால், விதைப்பைக்குப் பின்னால் உள்ள குழாய் இடுப்பெலும்பில் மோதி நசுங்கும். மேல்தோலில் கீறல்கூட இருக்காது. குறி நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கவட்டையில் பரவும் கன்றல், நீர் முட்டியும் இறங்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், சிறுநீரை இறக்கக் குறி வழியே விடும் டியூபான கதீட்டரை வலிந்து செலுத்தக் கூடாது. பாதி கிழிந்த குழாய் முழுதாக அறுந்துவிடலாம். குறி நுனி வழியே சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுதான் முதல் வேலை. கிழிசல் தெரிந்தால், அடிவயிற்றில் சிறு துளையிட்டு நேரே சிறுநீர்ப்பைக்குள் டியூப் வைப்பார்கள். வயிற்றில் துளையா என்று வீட்டார் பதறுவதுண்டு. காயத்தைத் தொடாமல் நீரை இறக்க அதுவே நல்ல வழி.

பிறகு நீர் சரியாகப் போகும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். உள்ளே தழும்பு மெல்ல இறுகி, சில மாதங்களில், சிலருக்குச் சில வருடங்கள் கழித்து, தாரை நூலாகும், இரண்டாகப் பிரியும், முக்கினால்தான் வரும். 50 வயதைத் தாண்டியவர் என்றால் உடனே புராஸ்டேட் மாத்திரை. தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. பழைய அடியைச் சொல்லி, சிறுநீர் போகும் வேகத்தை அளந்து கோடாக வரையும் யூரோஃப்ளோ பரிசோதனை கேளுங்கள். குறைந்தது 150 மி.லி. நீர் கழித்தால்தான் அந்த அளவை நம்பலாம். உச்ச வேகம் நொடிக்கு 10 மி.லி.க்குக் கீழே நின்று, வரைகோடு மணிபோல் எழாமல் மேசைபோல் தட்டையாகக் கிடந்தால் ஸ்ட்ரிக்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சையில் நடக்கும் பெரிய தவறு, கம்பி விட்டு அகட்டுவதையே வருடக்கணக்கில் தொடர்வது. ஒவ்வொரு முறையும் தழும்பு கிழிந்து புதுத் தழும்பு உண்டாகிறது. 2 செ.மீ.க்குக் குறைந்த சுருக்கத்தை உள்ளிருந்தே கீறிவிடுவதை ஒரு முறை முயலலாம். திரும்ப வந்தால், தழும்பை வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைக்கும் அறுவைதான் சரி. அடிபட்டதால் வந்த குட்டைச் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலிக்கிறது. நீளமானதற்குக் கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து குழாய் அறுந்தவர்கள் பொதுவாக 3 மாதமாவது வயிற்று டியூபோடு காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு எலும்பு முறிவே விறைப்புத்தன்மையைப் பாதித்திருக்கக்கூடும். அறுவைக்கு முன்பே அதைக் கேட்டுப் பதிவு செய்யாவிட்டால் பழி அறுவையின்மீது விழும்.

அடிபடாதவருக்கும் கதீட்டரே காயம் உண்டாக்குவதுண்டு. அதன் நுனி சிறுநீர்ப்பையை எட்டும் முன், நழுவாமல் பிடிக்க நுனியருகே உள்ள பலூனை ஊதினால் அது குழாய்க்குள்ளேயே விரிந்து கிழிக்கும். ஆண்களுக்குக் கதீட்டரை அதன் வெளிமுனை இரண்டாகப் பிரியும் கவைப்பகுதி வரை முழுதாக உள்ளே செலுத்தி, நீர் வருவதைக் கண்ட பிறகே பலூனுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், ஏற்றியதை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்