மலையும் சூரியனும் போதும் சார், உப்பளத்தையும் கொஞ்சம் வரைய விடுங்க

தூத்துக்குடியில பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துற எல்லா சங்கத்துக்காரங்களுக்கும், நடுவரா வர்ற டிராயிங் மாஸ்டர்களுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு காலத்துல சுவத்துலயும் தகரத்துலயும் போர்டு எழுதிட்டு இருந்து, இப்ப பிளெக்ஸ் டிசைன் பண்ணிப் பொழைக்கிறவன். ஆர்ட்டிஸ்ட்னு சொல்லி என்னையும் அப்பப்ப நடுவர் நாற்காலியில உக்கார வச்சிருக்கீங்க, அந்த உரிமையில தான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

"இயற்கைக் காட்சி"ன்னு தலைப்பு குடுக்கிறீங்க. வந்த பேப்பர் எல்லாத்தையும் மேசையில பரப்புனா முக்காவாசி ஒரே படம் தான். ரெண்டு முக்கோண மலை, நடுவுல பாதி சூரியன், சூரியனைச் சுத்தி ஸ்கேல் வச்ச கோடு, மலையில இருந்து வளைஞ்சு வளைஞ்சு ஒரு ஆறு, ஓரத்துல குடிசை, ஒரு தென்னை, வானத்துல நாலு டிக் மார்க் போட்டா அது காக்கா. அப்புறம் யாரு கோட்டுக்கு வெளிய கிரேயான் போகாம அடிச்சிருக்காங்களோ அந்தப் பிள்ளைக்கு முதல் பரிசு.

நம்ம டவுன்ல எந்த மொட்டை மாடியில ஏறிப் பாத்தா இப்படி ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன் வருது? நமக்கு அது கடல்ல இருந்துல்லா உதிக்குது. தென்காசிப் பிள்ளை மலை வரையட்டும், ஜன்னலத் தொறந்தா தெரியுது. இங்க நடக்குற கூத்து என்னன்னா, இதே பிள்ளைங்க தமிழ்ப் பாடத்துல ஐந்திணைய உருப்போட்டு, நெய்தல்னா கடலும் கடல் சார்ந்த இடமும், தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைவித்தல்னு ஒரு எழுத்து பிசகாம மார்க்குக்கு எழுதிட்டு, அடுத்த பீரியட் டிராயிங் கிளாஸ்ல உக்காந்து குறிஞ்சிய வரையுதுங்க.

ஒரு தடவை ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேற மாதிரி வரைஞ்சிருந்தா. தரை முழுக்க கட்டம் கட்டமா, அதுல ரெண்டு கட்டத்துக்கு மட்டும் ரோஸ் கலர், தூரத்துல அனல் மின் நிலையத்து புகைபோக்கி, முன்னாடி நீளமா ஒரு ஓலைக்கூரை. பக்கத்துல இருந்த நடுவர் "குடிசைக்கு சுவரும் வைக்கல, வாசலும் வைக்கல, தண்ணிக்கு யாராவது ரோஸ் அடிப்பாங்களா"ன்னு ஓரமா தள்ளிட்டாரு. சார், அது குடிசை இல்ல, உப்பு அம்பாரம். வாரிக் குவிச்ச உப்பு மழையில கரையாம இருக்க மேல கீத்து போட்டு மூடுறது. நம்ம ஊர்ல அதப் பாக்காம ஒருத்தர் துறைமுகம் ரோட்டுல போயிர முடியுமா? தண்ணி ரோஸாவும் ஆகும். தெப்பத்துல, அதாவது உப்புத்தண்ணி தேக்கி வைக்கிற குளத்துல இருந்து பாத்திக்கு வர்ற தண்ணி வெயில்ல வத்தி வத்தி உப்புக் கூடும்போது, அதுல வாழ்ற கண்ணுக்குத் தெரியாத உசுருங்களால அந்த நிறம் வருது. அந்தப் பிள்ளை கண்ணால பாத்ததத் தான் அடிச்சிருக்கா. நான் வாதாடுனேன், கடைசியில ஒரு ஆறுதல் பரிசு குடுத்தாங்க, அதுவும் எனக்காக.

உப்பளத்துல என்ன அழகு இருக்குன்னு கேப்பீங்க, அங்க கால் வெடிச்சு, கண்ணு கூசி வேலை பாக்குறவங்க படுற பாடு எனக்கும் தெரியும், எங்க தெருவுலயே பாதிப் பேரு அளத்து வேலை தான். நான் அழகுன்னு சொல்ல வரல. பாக்குறதுக்கு அங்க அவ்வளவு இருக்குன்னு சொல்றேன். வெள்ளைன்னு நாம பேருக்கு சொல்ற உப்பு காலையில லேசா நீலமா இருக்கும், உச்சி வெயில்ல பாக்கவே முடியாது, சாயங்காலம் ஆரஞ்சு. பூநாரை வந்து இறங்குற சமயத்துல அது வேற கலர். திருச்செந்தூர் பக்கம் போனா தேரிக்காட்டு செம்மண்ணு, அந்தச் சிவப்பு எந்த கிரேயான் டப்பாவுலயும் கிடையாது, பிள்ளை தானா கலந்து தான் கண்டுபிடிக்கணும்.

சித்தன்னவாசல் போயிருப்பீங்க. 9-ஆம் நூற்றாண்டு ஓவியம்னு சொல்றாங்க, சமணர் கோயில் விதானத்துல தாமரைக் குளம். சமயக் கதையில வர்ற குளம் தான் அது, ஆனா வரைஞ்ச ஆளு அதுக்குள்ள மீனு, யானை, எருமை எல்லாம் விட்டிருக்காரு, பூப்பறிக்கிற ஆளுகளும் உண்டு. ஊர்க் கம்மாயில எருமை கிடக்கிறதப் பாக்காதவரு அங்க எருமைய இறக்கியிருப்பாரான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

அதனால கேக்குறது இது தான். அடுத்த போட்டிக்கு "இயற்கைக் காட்சி"ய எடுத்துட்டு "எங்க அம்மா வேலை பாக்குற இடம்", "எங்க தெரு காலை ஆறு மணிக்கு", இந்த மாதிரி தலைப்பு குடுங்க. ஹால்ல பெஞ்சு போட்டு உக்கார வைக்காம ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலையில அளத்துக்கோ, மீன் ஏலம் போடுற இடத்துக்கோ, தோணி கட்டுற இடத்துக்கோ கூட்டிட்டுப் போங்க, ஏழரை எட்டுக்குள்ள முடிச்சிரலாம், வெயில் ஏறிட்டா பிள்ளைங்க தாங்காது. மார்க் போடும்போது சுத்தத்துக்குக் குறைச்சுக்கிட்டு, பாத்து வரைஞ்சிருக்கான்னு அதுக்குக் கூட்டுங்க. ஒண்ணு மட்டும், மழை சீசன்ல வச்சிராதீங்க, அப்ப அளத்துல வேலையே இருக்காது, சித்திரை வைகாசின்னா சரியா இருக்கும்.

சார்ட் பேப்பரும் அட்டையும் என் கடையில இருந்து நான் தாரேன், வேனுக்கு மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிருங்க.