மடை என்று எழுதிய வாரம்

மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்
கார்த்திகை, சனிக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது, பாப்பா தினமும் நான்கு பக்கம் எழுதுகிறாள், ஆனால் எழுதியதை வாசிக்கச் சொன்னால் விழிக்கிறாள், யு.கே.ஜி.யிலேயே அவளைப் பின்தங்கியவள் என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அவள் அங்கே புனேயில் எழுதுவது ஆங்கிலம், என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது தமிழ். ஆனாலும் எழுத்து ஒரு பிள்ளைக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால், இந்த வாரம் என் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி என்பது உனக்குத் தெரியும். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். முதல் மூன்று வகுப்புகளின் 23 பிள்ளைகளும் ஒரே அறையில் என்னிடம் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் அடைத்த பள்ளியை இந்தச் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள். திரும்பி வந்த பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புக்குப் போனவர்களுக்கும் எழுத்து தெரியாத நிலை இருந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், அவர்கள் நிற்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பின்தங்கியவள் என்ற சொல்லை நீ வீட்டில் பாப்பாவின் காதுபடச் சொல்லாதே என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

திங்கட்கிழமை ஐந்து பேர் வரவில்லை. வயல்களில் வேலை நடப்பதால் வீட்டில் சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய குழந்தையை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளியில் அரசின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இந்த வருகைக் குறைவு முன்பைப் போல் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அந்தத் திட்டம் தொடங்கியபோது நம் ஊருக்கு எப்போது வருமோ என்று ஏங்கினோம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் வந்தது. முன்பெல்லாம் பத்து மணிக்கே பெஞ்சில் தலை சாய்த்துவிடும் பிள்ளைகள், இப்போது உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை நிமிர்ந்து உட்காருகிறார்கள். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் எந்தக் கற்பித்தல் முறையும் செல்லாது என்பதை நான் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணால் பார்த்தவள்.

செவ்வாய்க்கிழமை கணக்கு. மொட்டுக் குழுவுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் இந்த வாரம் தொடங்க வேண்டியிருந்தது. 32-இல் 15 போனால் எவ்வளவு என்று பலகையில் எழுதி, இரண்டில் ஐந்து போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று சொன்னால் பிள்ளைகள் அதை மந்திரம் போல ஒப்பிப்பார்கள். ஏன் வாங்குகிறோம், வாங்கியது ஏன் பத்தாகிறது என்று தெரியாது. அதனால் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டி வைத்திருக்கிறேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து ஐந்து உதிரியை எடுத்துக் கொடு என்றேன். ஒரு சிறுமி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “டீச்சர், ஒரு கட்டைப் பிரிச்சிரட்டுமா?” என்று கேட்டாள். நான் சொல்லித் தரவிருந்த பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அவளே நூலை அவிழ்த்தாள், பன்னிரண்டு உதிரி ஆயிற்று, ஐந்தை எடுத்தாள், பிறகு ஒரு கட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதி 17 என்றாள். நோட்டில் எழுதியது அதற்கு மறுநாள்தான்.

புதன்கிழமை எழுத்து. தமிழில் எழுத்துகள் 247 என்று சொன்னால் பெற்றோருக்கே மலைப்பாக இருக்கும். நான் அரும்புக் குழுவுக்கு அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவதில்லை. ட, ப, ம என்று தொடங்குவேன். பெரும்பாலும் நேர்கோடாக வருவதால் சின்னக் கை அவற்றை எளிதில் எழுதிவிடும். ட், ம் என்பவற்றைச் சேர்த்தால் அன்றைக்கே படம், பட்டம், மடம் என்று சொற்களாகவும் வாசித்துவிடலாம். அ எத்தனை சுழியும் வளைவும் கொண்ட எழுத்து என்பதை ஐந்து வயது விரலின் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தபோது சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகை அமைத்தார்கள். அந்த முறையின் பாட அட்டைகளும், கற்கும் படிகளைக் காட்டும் ஏணிப்படி அட்டவணைகளும் போய்விட்டாலும் அந்தத் தாழ்ந்த பலகையை நான் விடவில்லை. அங்கே தோளை அசைத்துப் பெரிதாக எழுதிப் பழகிய கைதான் பிறகு நோட்டில் சிறிதாக எழுதும்.

ஆனால் அன்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதவில்லை. ஜூன் மாதத்திலிருந்தே அவன் அப்படித்தான் இருக்கிறான். எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவான், வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டான். மடம் என்ற அட்டையைக் காட்டினேன், சும்மா இருந்தான். அவன் மடத்தைக் கண்டதே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று இரவு நல்ல மழை. வியாழக்கிழமை காலையில் கண்மாய் நிறைந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததால், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, சமையல் செய்யும் இரண்டு அக்காக்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கையோடு கை கோத்து நடத்திக் கரைக்குக் கூட்டிப்போனேன். நீர்நிலைகள் என்ற பாடத்தைச் சூழ்நிலையியலில் எப்படியும் நடத்த வேண்டும். தண்ணீரை விட்டுத் தள்ளியே நிற்க வைத்தேன். கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருந்தன; மூழ்கிய முக்குளிப்பான் எங்கே எழும் என்று பந்தயம் வைத்தார்கள். நான் ஏரி என்று ஒரு முறை சொன்னதற்கு, “ஏரி இல்ல டீச்சர், கம்மா” என்று திருத்தினார்கள். கம்மா என்று நாம் பேசுவதையே கண்மாய் என்று எழுதுவோம் என்று சொன்னேன்.

அங்கேதான் அந்தப் பையன் பேசினான். அவன் தாத்தா இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர் பொறுப்பு. தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களைக் காட்டி, அதுதான் பழைய மடை, முன்பெல்லாம் உள்ளே முங்கி அடைப்பைத் தூக்கினால்தான் தண்ணீர் போகும், மேல் துளை வழியாகத் தண்ணீரும் அடித்துளை வழியாகச் சேறும் போகும், இப்போது இரும்புத் திருகு வைத்துவிட்டதால் கரையில் நின்றே திறக்கலாம் என்றான். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்பதையும் கைகாட்டிச் சொன்னான். நீரோடி, சேறோடி என்று பெரியவர்கள் சொல்லும் அந்தத் துளைகளின் செயலை ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறான், நான் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

பள்ளிக்குத் திரும்பியதும் அவனைத் தாழ்ந்த பலகைக்கு அழைத்து, அங்கே பார்த்ததற்குப் பெயர் என்ன என்றேன். மடை என்றான். ம உனக்குத் தெரியும், ட உனக்குத் தெரியும், ட முன்னால் இணைக்கொம்பு வைத்தால் டை என்றேன். எழுதினான். எழுதியதன் மீது விரலை வைத்து, “மடை” என்று வாசித்தான். பிறகு நான் கேட்காமலே கீழே படம் என்று எழுதி அதையும் வாசித்தான்.

வெள்ளிக்கிழமை பெரும்பகுதி மதிப்பீட்டிலும் பதிவேட்டிலும் போய்விட்டது. பிள்ளைகள் கண்மாயை வரைந்து கீழே தங்களுக்குத் தெரிந்த சொற்களை எழுதினார்கள்; அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. உனக்கு ஐந்து வயதில் விஜயதசமி அன்று அரிசியில் அ எழுத வைத்தோம். மறுநாளிலிருந்து நான் உன் கையை அழுத்திப் பிடித்து, நூறு முறை எழுதும் வரை எழுந்திருக்க விடவில்லை. ஆசிரியர் பிள்ளை முதலில் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நீ அழுதுகொண்டே எழுதியது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. மற்றவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்றுக்கொண்ட நேரத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை. பாப்பாவுக்காவது கொடு. நான்கு பக்கத்தை ஒரு பக்கமாகக் குறைக்கும்படி அவள் ஆசிரியையிடம் மரியாதையாகப் பேசிப் பார். மாலையில் அவளோடு நடந்து போய், அவள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாளோ அந்தச் சொல்லை மட்டும் பெரிதாக எழுதிக் காட்டு.

நாளை மறுநாள் ஒரு பார்சல் அனுப்புகிறேன். பத்து ஈர்க்குச்சிக் கட்டுகளும், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையும், ஆச்சியின் பல்லாங்குழியும் அதில் இருக்கும். பதினான்கு குழியிலும் ஐந்தைந்தாகப் போட்டு மொத்தம் எத்தனை என்று அவள் எண்ணட்டும். நீ முந்திச் சொல்லிவிடாதே. எண்ணி முடித்ததும் எனக்கு அவளே தொலைபேசியில் சொல்லட்டும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா