வெயிலோடு ஓசோன் அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால் கடலூரில் எத்தனை டிகிரி என்று தினமும் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே தரைமட்ட ஓசோன் (மேலே நம்மைக் காக்கும் ஓசோன் படலம் அல்ல, நாம் மூச்சிழுக்கும் காற்றில் கலந்து நெஞ்சைக் கெடுக்கும் வாயு) அளவையும் போட வேண்டுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். மகள் குடும்பம் அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்து ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது, துடைத்துவிட்டது போல வானம் நீலமாக இருந்த ஒரு நாளில் ஓசோன் எச்சரிக்கை வந்தது. புழுதி இல்லை, புகை இல்லை, எதற்கு எச்சரிக்கை என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், பெயிண்ட், தின்னர் ஆவியும் கடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகிவிடுமாம். மேகமில்லாத பாலைவன வெயில் அதற்குத் தோது. சுற்றிலும் மலை இருப்பதால் காற்றும் தேங்குகிறது. ஓசோன் வாயு என்பதால் சாதாரண மாஸ்க் தடுக்காது. அந்த நாட்களில் பெட்ரோலைக்கூட இருட்டிய பிறகு போடச் சொல்கிறார்கள். (நம் ஊர் பங்கில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்!)

சரி, நமக்கென்ன? பாலைவனம் இல்லாவிட்டாலும் கத்திரி வெயில் இருக்கிறது. தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை, தென்மேற்கே நெய்வேலி அனல்மின் நிலையங்கள், நடுவில் ஓயாத பஸ், லாரி. ஓசோன் உருவாகச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் புகை கிளம்பும் இடத்தைவிட, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் பல நேரம் கூடுதலாக இருக்கும். மத்தியானக் கடல்காற்று நமக்குச் சுகம். அது போவதோ நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம். அங்கேயும் அளக்க வேண்டும். கன மீட்டருக்கு 8 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம், 1 மணி நேரத்துக்கு 180 என்று 2009-லேயே நம் நாட்டில் வரம்பு வகுத்தாகிவிட்டது.

என் கவலை கோடைப் பயிற்சி முகாம்கள்தான். ஓசோன் உச்சத்தில் இருப்பது பிற்பகலில். மே மாதம் மூன்று மணிக்கே பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி ஓடவிடுகிறார்கள். ஓடுகிற பிள்ளை வாயால் மூச்சு வாங்கும், உட்கார்ந்திருப்பவனைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகும். நெஞ்சு எரியும், இருமல் வரும், ஆஸ்துமா பிள்ளைக்கு இழுப்பே வந்துவிடும். நம் கோச்சுகளோ, வெயில்தானே, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அளவைக் கேட்டு வாங்கி நீங்கள் அச்சிட்டால், பெற்றோர் அதைக் காட்டி முகாம் நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொல்லலாம். காலை ஆறு மணிக்கு வாக்கிங் போகிறவர்கள் கொஞ்சம் ஓரமாக நடந்தால், மைதானம் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.